குடிக்காத அம்மாவுக்கும் கல்லீரலில் கொழுப்பு... ஏன்?

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்று ஒரு வரி இருந்தால் போதும், வீட்டில் கலவரம்தான். "சாராயத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே டாக்டர், எனக்கெப்படி இது வந்தது?" என்று கேட்பவர்களில் ஐம்பதைத் தாண்டிய தாய்மார்கள் ஏராளம். பக்கத்தில் நிற்கும் கணவருக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு வேறு!

குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும். உடல் எடை, சர்க்கரை நோய், உட்கார்ந்தே இருப்பது, மூன்று வேளையும் அரிசியும் மைதாவும் இனிப்பும்... முதல் குற்றவாளிகள் இவர்கள்தான். இதை நீங்கள் பல தடவை படித்திருப்பீர்கள். நான் இந்த மாதம் சொல்லப் போவது அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம். நம் கல்லீரலுக்குள் ஒரு நொதி, அதாவது என்ஸைம், இருக்கிறது. கொழுப்பை வெளியே அனுப்புவதற்கான பொருளைத் தானே தயாரித்துத் தருவது அதன் வேலை. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதில் அது சோர்ந்துவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்து நாம் அவர்கள் தட்டிலிருந்து எதை எடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

'சித்த மருத்துவருக்கு என்ஸைம் பற்றி என்ன?' என்று கேட்காதீர்கள். நாங்கள் படித்த கல்லூரியில் நாடியோடும் மூலிகையோடும் உயிர் வேதியியலும் ஒரு பாடம்தான்!

கொழுப்பு ஒரு கட்டடப் பொருள்

சித்த மருத்துவம் உடற்தாதுக்கள் ஏழு என்று சொல்கிறது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, ஏழாவதாக சுக்கிலம் அல்லது சுரோணிதம். இதில் கொழுப்பும் உடலைக் கட்டி நிறுத்தும் தாதுதான், கழிவு இல்லை. (இதை வைத்துக்கொண்டு 'சித்தர்களுக்கு என்ஸைம் தெரியும்' என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். அவர்கள் கண்டதே போதுமான பெருமை. நாம் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.)

இன்றைய விஞ்ஞானமும் கொழுப்பைக் கட்டடப் பொருளாகத்தான் பார்க்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. கனம் எவ்வளவு தெரியுமா? நாம் எழுதும் காகிதம் ஒன்றின் தடிமனுக்கு இந்தச் சவ்வுகளை ஏறக்குறைய 20,000 அடுக்க வேண்டும்! அவ்வளவு மெல்லியது. ஆனால் அதுதான் உள்ளே இருப்பதை உள்ளேயும், வெளியே இருப்பதை வெளியேயும் வைத்திருக்கிறது. இந்தச் சவ்வைக் கட்டும் கொழுப்புகளில் ஏறக்குறைய பாதி ஒரே வகை. பாஸ்ஃபாட்டிடைல் கோலின் என்பது அதன் முழுப் பெயர். வாயில் நுழையவில்லையா? பழைய பெயரே இருக்கிறது, லெசித்தின்.

1846-ல் கோப்லி என்ற பாரிஸ் மருந்தாளர் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவுக்குக் கிரேக்க மொழியில் லெகித்தோஸ் என்று பெயர். 1850-ல் அதையே வைத்து லெசித்தின் என்று பெயர் சூட்டினார். உங்கள் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். '322' என்று ஒரு எண் இருந்தால் அது லெசித்தின்தான், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்தது.

பிஸ்கட்டில் அதற்கு என்ன வேலை? எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பது. லெசித்தினுக்கு ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் பிசுக்கு போகுமா? சீயக்காய் வேண்டும். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிற பொருள் அதில் இருக்கிறது. லெசித்தினும் அந்த மாதிரி இரண்டு கை உள்ள பொருள்தான்.

இப்போது கல்லீரலுக்கு வாருங்கள். மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுவது, குடலிலிருந்தும் உடம்பிலிருந்தும் வருகிற கொழுப்பை வாங்குவது, அதை மறுபடி ரத்தத்தில் ஏற்றி அனுப்புவது எல்லாம் அதன் வேலை. ரத்தமோ தண்ணீர் மாதிரி. எண்ணெயை அப்படியே அதில் ஊற்ற முடியாது. சிறு சிறு உருண்டையாக்கி, மேலே லெசித்தின் போர்வை போர்த்தி அனுப்ப வேண்டும். போர்வை கிடைக்காவிட்டால் சரக்கு கிடங்கிலேயே தங்கிவிடும். 'ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேனில் பளிச்சென்று தெரிவது அப்படித் தேங்கிப்போன சரக்கு.

டொராண்டோ நாய்கள் சொன்ன பாடம்

இது எப்படித் தெரிந்தது என்பது சுவாரசியமான கதை. கனடா நாட்டின் டொராண்டோவில் 1921-ல் பான்ட்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைக் கண்டுபிடித்தது எல்லோருக்கும் தெரியும். கணையத்தை அகற்றிய நாய்களுக்கு இன்சுலின் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார்கள். சர்க்கரை கட்டுப்பட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சில மாதங்களில் அந்த நாய்கள் நலிந்து இறக்க ஆரம்பித்தன. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு!

பச்சைக் கணையத்தைத் தீனியோடு கலந்து கொடுத்தபோது நாய்கள் தேறின. கணையத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? அங்கேயே தேடினார்கள். லெசித்தினைக் கொடுத்தாலும் அதே பலன் கிடைத்தது. கடைசியில் 1932-ல் பெஸ்ட்டும் அவருடைய கூட்டாளிகளும், லெசித்தினின் தலைப்பகுதியில் இருக்கும் கோலின் என்ற சின்னப் பொருள்தான் ஈரலைக் காப்பாற்றுகிறது என்று காட்டினார்கள். இந்தக் கோலின் அதற்கு எழுபது வருடம் முன்பே, 1862-ல், ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மானியர் பித்தநீரிலிருந்து எடுத்துப் பெயர் வைத்த பொருள். கிரேக்கத்தில் கோலே என்றால் பித்தம். எங்கள் சாஸ்திரத்தில் பாதி நோய்க்குப் பித்தத்தைத்தான் பிடித்து இழுப்போம், அதனால் இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்!

ஈரலுக்கு இரண்டு வழி

சரி, லெசித்தினை உடம்பு எப்படிச் செய்கிறது? இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, சாப்பாட்டில் வருகிற கோலினை எடுத்து நேராகத் தலையாக வைத்துக் கட்டுவது. எல்லா செல்களும் இதைச் செய்யும். இந்த வழியை 1956-ல் சிகாகோவில் கென்னடி என்பவரும் அவருடன் உழைத்த வைஸும் விளக்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஏ.டி.பி. என்ற பொருளை ஊற்றினால் சோதனைக் குழாயில் வேலை நடந்தது. அதையே மிகச் சுத்தமாக வாங்கி ஊற்றினால் நடக்கவில்லை! விசாரித்துப் பார்த்தால், சுத்தமில்லாத மருந்தில் கலப்படமாக இருந்த சி.டி.பி. என்ற பொருள்தான் வேலைக்காரன். கலப்படத்தால் நன்மை விளைந்த கதை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழிதான் நம் கதாநாயகன். இது பெரும்பாலும் கல்லீரலில் மட்டும் நடக்கிறது. கோலின் கையிருப்பு இல்லாமலே, சவ்வில் இருக்கும் இன்னொரு கொழுப்பைப் பிடித்து அதன் தலையில் மெதில் என்ற சின்னத் துண்டை ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று தடவை சூட்டி லெசித்தினாக மாற்றிவிடுகிறது ஒரு நொதி. அதன் பெயரைச் சுருக்கமாக பி.ஈ.எம்.டி. என்கிறார்கள். முழுப் பெயர் எழுதினால் இந்தப் பத்தி முடிந்துவிடும். இந்த வேலையை 1961-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரமர், கிரீன்பெர்க் இருவரும் விவரித்தார்கள். கல்லீரல் தயாரிக்கும் லெசித்தினில் சுமார் 70 சதவீதம் முதல் வழியில் வருகிறது, 30 சதவீதம் இந்த நொதியால் வருகிறது.

'முப்பதுதானே' என்று நினைக்காதீர்கள். கனடாவின் எட்மண்டன் நகரில் டென்னிஸ் வான்ஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் இந்த நொதியையே பல வருடங்கள் ஆராய்ந்தது. 1997-ல் இந்த நொதி அறவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். வழக்கமான தீனி கொடுத்தவரை எலிகள் நன்றாகவே இருந்தன. தீனியில் கோலினை நிறுத்தினார்கள். நொதி உள்ள சாதாரண எலிகள் சமாளித்தன. நொதி இல்லாத எலிகளுக்குச் சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழந்துபோனது! நொதி எதற்கு இருக்கிறது என்று புரிகிறதல்லவா? சாப்பாட்டில் கோலின் குறையும் காலத்தில் கைகொடுக்கும் சேமிப்பு அது.

அந்த ஆய்வுக்கூடம் 2006-ல் இன்னொன்றைக் காட்டியது. இது உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லெசித்தினின் தலையும் வாலும் ஏறக்குறைய ஒரே அகலம், செங்கல் மாதிரி. பக்கத்தில் பக்கம் இடைவெளி இல்லாமல் நிற்கும். நொதி மாற்றுவதற்காக எடுக்கிற அந்த இன்னொரு கொழுப்புக்குத் தலை சிறியது, ஆப்பு மாதிரி. சுவரில் கொஞ்சம் ஆப்பும் வேண்டும்தான். ஆனால் செங்கல் குறைந்து ஆப்பு அதிகமானால் சுவர் ஒழுகும். நொதியும் இல்லை, கோலினும் இல்லை என்ற நிலையில் அந்த எலிகளின் ஈரல் செல்களுக்கு இதுதான் நேர்ந்தது. ஒழுகும் செல்லிலிருந்து உள்ளே இருக்க வேண்டியவை ரத்தத்துக்கு வந்துவிடும். லேபில் 'எஸ்.ஜி.பி.டி. அதிகம்' என்று எழுதித் தருகிறார்களே, அதுவும் ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதிதான். அது ரத்தத்தில் கூடினால், எங்கோ செல்கள் ஒழுகுகின்றன அல்லது உடைகின்றன என்று அர்த்தம்.

எலிக்கு நடப்பதெல்லாம் மனுஷருக்கு நடக்குமா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸைசெல் என்ற மருத்துவரின் குழு இதை மனிதர்களிடமே சோதித்தது. முடிவு 2007-ல் வெளிவந்தது. ஆரோக்கியமான 57 பேர் கலந்துகொண்டார்கள். முதல் பத்து நாள் கோலின் நிறைந்த சாப்பாடு. அதற்குப் பிறகு 42 நாள் வரை கோலின் மிகக் குறைந்த சாப்பாடு. ஈரலில் கொழுப்போ, தசையில் சேதமோ தென்பட்டால் உடனே நிறுத்திக் கோலினைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள், சரியாகிவிடும்.

ஆண்களில் 77 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களில் 80 சதவீதம். ஆனால் மாதவிலக்கு நிற்காத பெண்களில் 44 சதவீதம்தான்! ஒரே சாப்பாடு, ஒரே நாட்கள், இவ்வளவு வித்தியாசம்.

காரணம், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இந்த பி.ஈ.எம்.டி. நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த 2007-லேயே அதே குழு, மனித ஈரல் செல்களில் ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்து நொதியின் மரபணு சுறுசுறுப்பாவதைக் காட்டியது. இயற்கையின் கணக்கைப் பாருங்கள். கருவில் வளரும் குழந்தைக்குக் கோடிக்கணக்கான புதுச் செல், ஒவ்வொன்றுக்கும் சவ்வு வேண்டும். மூளைக்கும் கோலின் வேண்டும். அதனால் பிள்ளை பெறும் வயதில் இருப்பவளுக்கு வீட்டிலேயே ஒரு சின்ன தொழிற்சாலை வைத்துக் கொடுத்திருக்கிறது. மாதவிலக்கு நின்றதும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் குறைகிறது. அதுவரை சாப்பாட்டில் குறைந்தாலும் சமாளித்த உடம்பு, இனி சாப்பாட்டையே நம்ப வேண்டும். சில பெண்களுக்கு இந்த மரபணுவிலேயே சிறு மாறுபாடு இருக்கிறது. அவர்கள் இளம் வயதிலும் ஈஸ்ட்ரோஜனால் பெரிய பலன் பெறுவதில்லை.

உடனே 'அப்போ ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டுக்கலாமா?' என்று கிளம்பிவிடாதீர்கள். இதற்காக அதைச் சாப்பிடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

தட்டில் என்ன இருக்கிறது?

இப்போது நம் வீட்டு அம்மாவைப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியதும் 'கொலஸ்ட்ரால்' என்று முட்டையை நிறுத்தியாகிவிட்டது. பேரக்குழந்தைக்குப் பால், கணவருக்குத் தயிர், தனக்கு நீர்மோர். காயைப் பரிமாறிவிட்டு மிஞ்சிய ரசத்தையும் சாதத்தையும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வெறும் வெள்ளைச் சாதத்தில் கோலின் மிகச் சொற்பம். நொதி சோர்ந்த வயதில் கோலினும் இல்லை என்றால் ஈரல் எதை வைத்துப் போர்வை நெய்யும்?

1998-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 550 மில்லிகிராம், பெண்களுக்கு 425, கர்ப்பிணிக்கு 450, பாலூட்டும் தாய்க்கு 550 மில்லிகிராம் கோலின் போதுமானது என்று அளவு வைத்தது. இது ஒரு மதிப்பீடு. அந்த நாட்டு மக்களே பெரும்பாலோர் இதை எட்டுவதில்லை. ஆகவே எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், திசையைப் பாருங்கள்.

பெரிய முட்டை ஒன்றில் ஏறக்குறைய 147 மில்லிகிராம் கோலின் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள் கருவில். 'வெள்ளைக் கரு மட்டும் சாப்பிடுகிறேன் டாக்டர்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், கோப்லி லெசித்தினைக் கண்டெடுத்த பகுதியைத்தான் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள்! முட்டை சாப்பிடும் குடும்பமாக இருந்தால், வேறு தடை இல்லாதவர்கள் தினம் ஒரு அவித்த முட்டையை முழுசாகச் சாப்பிடலாம் என்பது என் கருத்து. சர்க்கரை நோய், இதய நோய், மிக அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். மீனும் கோழியும் நல்லவையே, பொரிக்காமல் குழம்பாக வைத்தால்.

சைவக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் திட்டம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 40 மில்லிகிராம் போல, ஒரு கப் தயிரிலும் ஏறக்குறைய அதே அளவு. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் என்றால் 70 வரை. வறுத்த சோயா அரை கப்பில் 100-க்கு மேல். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 24. பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை அவித்தால் 50-க்கு மேல், ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்று ஒரே ஒரு மாற்றம் செய்தாலே கணக்கு மாறுவது தெரியும். நவராத்திரிக்கு மட்டும்தான் சுண்டல் என்று எந்த சாஸ்திரத்திலும் எழுதவில்லை!

சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நொதி ஒரு லெசித்தின் செய்ய மூன்று மெதில் துண்டு செலவாகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தத் துண்டுகளை உடம்பு திரும்பத் திரும்பத் தயாரிக்க பி12 வைட்டமினும் ஃபோலிக் அமிலமும் வேண்டும். ஃபோலிக் அமிலம் கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடும். பி12 தாவர உணவில் கிடையாது, பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. கை கால் மரமரப்பு, நாக்கு எரிச்சல், காரணமில்லாத அசதி இருந்தால் பி12 அளவைப் பரிசோதித்துப் பாருங்கள், குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவன் சொல்கிறேன், இதற்கு மூலிகையில் மாற்று கிடையாது.

கோலினைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தால் ஈரல் சரியாகிவிடுமா? ஆகாது. எடை அதிகம் உள்ளவர்கள் எடையில் ஐந்து சதவீதம் குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். ஏழு முதல் பத்து சதவீதம் குறைத்தால் வீக்கமும் தணிகிறது. நடைப்பயிற்சிதான் முதல் மருந்து. ஒல்லியாக இருப்பவர்களும் 'எனக்கு வராது' என்று இருக்க வேண்டாம். எட்மண்டனில் 2010-ல் நொதி இல்லாத எலிகளுக்குக் கொழுப்புத் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குண்டாகவே இல்லை, ஆனால் ஈரல் கெட்டது.

என்னிடம் 'ஈரலைக் கழுவி விடுகிற லேகியம் இருக்கா?' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஈரல் பாத்திரம் அல்ல, கழுவிக் கவிழ்க்க! கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் எங்கள் மருத்துவத்தில் ஈரலுக்குப் பேர்போனவை, நானும் கொடுக்கிறேன். ஆனால் யாருக்கு, எந்த நிலையில், எத்தனை நாள் என்று பார்த்துத்தான். எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கிறது என்றால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, தைராய்டு எல்லாம் முதலில் பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் பாட்டிலில் வருகிற பெயர் தெரியாத பொடியைக் கலக்கிக் குடிப்பவர்கள், ஒழுகும் சுவரில் இன்னொரு ஓட்டை போடுகிறார்கள்.

லெசித்தின் காப்ஸ்யூல், கோலின் மாத்திரை என்று மருந்துக் கடையில் விற்கிறார்கள். சாப்பாட்டில் வரும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையாக அள்ளிப் போட்டால் விஷயம் வேறு. ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. மிஞ்சினால் குடல் கிருமிகள் அதைச் சிதைத்து, வியர்வையில் மீன் வாடை வரவழைக்கும். 2011-ல் கிளீவ்லண்ட் மருத்துவமனை ஆய்வாளர்கள் இந்தச் சிதைவுப் பொருளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள், அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் விட்டுவிட்டு, நாளைக்குச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை இன்று ராத்திரியே ஊறப் போடுங்கள். வெந்ததும் முதல் கிண்ணத்தை அம்மாவுக்கு எடுத்து வையுங்கள்.